நிறுத்தத்தில் நிற்பவர்களின் கேள்விகள்

நகரப் பேருந்து, ரயில், டிராம் பற்றி மனதில் இருப்பதைக் கேட்டு எழுதுங்கள் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கட்டணம், கூட்டம், சுத்தம் என்று எல்லாம் கடிதங்களில் இருந்தன. ஆனாலும் அதிகம் பேசப்பட்டது காத்திருப்பைப் பற்றித்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்று பலகை சொல்கிறது. இருபது நிமிடம் ஒன்றும் வராது. பிறகு ஒரே தடத்தில் இரண்டு, சில நாள் மூன்று, ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வருகின்றன. ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

பதில்: இல்லை. யாருமே தவறு செய்யாவிட்டாலும் இது நடக்கும். பத்து நிமிட இடைவெளியில் வண்டிகள் கிளம்புகின்றன, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஒருவர் வந்து சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் வரும் வண்டிக்கு ஒரு நிறுத்தத்தில் 10 பேர் இருப்பார்கள். வண்டி ஒரு சிக்னலில் மாட்டி 2 நிமிடம் பிந்தினால் 12 பேர். ஒருவர் ஏற 3 விநாடி என்றால் அங்கே 6 விநாடி கூடுதலாக நிற்க வேண்டும். அடுத்த நிறுத்தத்தில் தாமதம் 2 நிமிடம் 6 விநாடி. அங்கே ஆட்கள் இன்னும் சற்று அதிகம். இப்படியே 15 நிறுத்தம் தாண்டும்போது அந்த 2 நிமிடம் 4 நிமிடமாகிவிடும்.

பின்னால் வரும் வண்டிக்கு நேர்மாறாக நடக்கிறது. முன்வண்டி தாமதமாக வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டதால் இதற்கு ஆட்கள் குறைவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில விநாடி மிச்சமாகிறது. அதே 15 நிறுத்தத்தில் இது ஏறக்குறைய 3 நிமிடம் முந்திவிடும். 10 நிமிட இடைவெளி 3 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. இன்னும் சில நிறுத்தங்களில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முன்னது பிதுங்கி வழியும், பின்னது காலியாக வரும். 1964இல் கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். சம இடைவெளி தானாக நிலைத்து நிற்காது. யாராவது பிடித்து நிறுத்தினால்தான் நிற்கும்.

பிடித்து நிறுத்துவது எப்படி? தடத்தில் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, முன்வண்டியோடு போதிய இடைவெளி விழும்வரை பின்வண்டியை அங்கே நிறுத்திவைக்க வேண்டும். வண்டியில் பெரும்பாலோர் இறங்கிவிடுகிற இடமாக அது இருப்பது முக்கியம். நிறைந்த வண்டியை நடுவழியில் 3 நிமிடம் நிறுத்தினால் உள்ளே இருக்கும் 60 பேரின் நேரம் போகிறது. மேற்கொண்டு நிறுத்தங்களில் நிற்கும் சிலருக்கு மட்டுமே பயன். இரண்டாவது வழி, எல்லாக் கதவிலும் ஏறவிடுவது. முன்கதவில் மட்டும் ஏறி, அங்கேயே சில்லறை எண்ணினால் ஒருவருக்கு 4, 5 விநாடி ஆகும். முன்பே சீட்டு வாங்கி மூன்று கதவிலும் ஏறினால் ஒருவருக்கு ஒரு விநாடிதான் விழும். தாமதத்தைப் பெருக்குவதே இந்த விநாடிக் கணக்கு என்பதால், அதைக் குறைத்தால் நோயின் வேரையே குறைத்ததாகும்.

மூன்றாவதாக, கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநருக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம். ஒரு நடைக்கு, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட, ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே ஒதுக்க வேண்டும். வண்டி சும்மா நிற்கிறதே என்று நினைத்து அதை வெட்டுகிற நிர்வாகங்கள் உண்டு. வெட்டினால் முதல் நடையின் தாமதம் இரண்டாம் நடைக்குத் தொற்றும், மாலைக்குள் தடம் முழுவதும் குலைந்துவிடும். ஓட்டுநருக்குச் சாப்பிடவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் இருக்காது. அதன் பிறகு அவர் வேகமாக ஓட்டுகிறார், நிறுத்தத்தில் நிற்காமல் போகிறார் என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

எங்கள் கருத்தில், 15 நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஓடும் தடத்தில் கால அட்டவணையைப் பார்த்து வண்டியை விடவே கூடாது. முன்வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் சேர்ந்து வரும்போது எதில் ஏறுவது?

பதில்: பின்வண்டி கண்ணில் தெரிந்தால் அதில் ஏறுங்கள். பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். நீங்கள் ஏறாததால் முன்வண்டியும் சில விநாடி முன்னதாகக் கிளம்பும், இடைவெளி கொஞ்சமாவது சரியாகும். ஒரே எச்சரிக்கை: பின்வண்டி பாதி வழியில் திருப்பி அனுப்பப்படலாம். ஏறும்போதே கடைசிவரை போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மணிக்கு ஆறு வண்டி விடுகிறோம், சராசரி இடைவெளி பத்து நிமிடம்தான் என்று நிர்வாகம் கணக்குக் காட்டுகிறது. எங்கள் அனுபவம் வேறாக இருக்கிறது. யார் சொல்வது பொய்?

பதில்: இரண்டும் உண்மைதான். நிர்வாகம் வண்டிகளை எண்ணுகிறது, நீங்கள் உங்கள் நிமிடங்களை எண்ணுகிறீர்கள். இடைவெளி 18 நிமிடம், 2 நிமிடம், 18, 2 என்று மாறி மாறி விழுந்தாலும் மணிக்கு ஆறு வண்டிதான், சராசரி 10தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டுகிறார்கள். அவர்கள் சராசரியாக 9 நிமிடம் நிற்கிறார்கள். மீதி ஒருவர் 1 நிமிடம் நிற்கிறார். ஒட்டுமொத்தச் சராசரி 8.2 நிமிடம். இடைவெளி ஒழுங்காக 10, 10 என்று இருந்திருந்தால் 5 நிமிடம்தான். ஒரு வண்டிகூடக் குறையாமல் காத்திருப்பு மட்டும் 3 நிமிடத்துக்கு மேல் ஏறிவிட்டது.

இன்னொன்றும் இதில் சேர வேண்டும். நிறுத்தத்தில் நிற்கிற ஒரு நிமிடம், வண்டிக்குள் போகிற ஒரு நிமிடத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமாகத் தோன்றும் என்பதைப் போக்குவரத்துத் திட்டக் கணக்குகளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். நிழலில்லாத நிறுத்தத்தில், எப்போது வரும் என்ற தகவலும் இல்லாமல் நிற்பவருக்கு அது இன்னும் நீளும்.

கேள்வி: எங்கள் பிரதான சாலையில் ஒரு வரிசையைப் பேருந்துக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். எப்போது பார்த்தாலும் காலியாகக் கிடக்கிறது. பக்கத்தில் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இது வீண் இல்லையா?

பதில்: காலியாகத் தெரிவதுதான் அந்த வரிசை வேலை செய்வதற்கு அடையாளம். நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் 60 பேர் என்றால் மணிக்கு 3,600 பேர் அந்த வழியே போகிறார்கள். 12 மீட்டர் நீளப் பேருந்து 30 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் கண்முன் கடக்க ஒன்றரை விநாடிதான் ஆகும். நிமிடத்தின் மீதி 58 விநாடியும் தார்தான் தெரியும். பக்கத்து வரிசை எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆனால் சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு வரிசை மணிக்கு 600 முதல் 800 கார்களைத்தான் கடத்தும். காருக்கு ஒன்றரைப் பேர் என்று வைத்தாலும் 1,200 பேரைத் தாண்டாது. நிறைந்து கிடப்பது நின்று கிடப்பதால்தான்.

பிரேசிலின் குரிடிபா நகரம் 1974இல், ஜெய்மே லெர்னர் மேயராக இருந்தபோது, இப்படித் தனிப்பாதையில் பேருந்து விடத் தொடங்கியது. நடைமேடையில் ஏறும் முன்பே சீட்டு வாங்கிவிடுகிற குழாய் வடிவ நிலையங்கள் பின்னால் வந்தன. கொலம்பியாவின் போகோட்டாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ பேருந்துச் சேவை இன்னொரு படி மேலே போனது. நிலையங்களில் முந்திச் செல்ல இரண்டாவது வரிசை போட்டார்கள். நிற்கிற வண்டிக்குப் பின்னால் நிற்காத வண்டி காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் அந்தப் பாதையின் கொள்ளளவு பல மடங்கு ஏறியது. தென் கொரியாவின் சோல் நகரம் 2004 ஜூலையில் சாலை நடுவில் பேருந்து வரிசை, வண்டி மாறினாலும் மொத்தத் தூரத்துக்கேற்ற கட்டணம், தடத்தின் வகைக்கு ஒரு நிறம் என்று ஒரே நாளில் மாற்றியது.

பேருந்து வரிசை எங்கே தோற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். சாலையின் ஓரத்தில் வரிசை போட்டால் நிறுத்திவைத்த வண்டி, சரக்கு இறக்குபவர், பக்கத்துச் சாலைக்குத் திரும்புகிற கார் எல்லாம் உள்ளே வந்துவிடும். ஒரு கிலோமீட்டர் வரிசையில் ஒரே ஒரு வண்டி நின்றாலும் பேருந்து வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அதில் ஒரு நிமிடம் போய்விடும். பெயின்ட் கோடு மட்டும் போதாது. கேமராவும் அபராதமும் வேண்டும், அல்லது ஏற முடியாத கட்டை வேண்டும். இன்னொரு பிழை, நடுவில் நன்றாக ஓடுகிற வரிசையைச் சந்திப்புக்கு 100 மீட்டர் முன்பே முடித்துவிடுவது. நெரிசல் இருப்பதே அந்த 100 மீட்டரில்தான்.

கேள்வி: சிக்னலில் பேருந்துக்கு முன்னுரிமை என்றால் ஆம்புலன்ஸ் மாதிரியா?

பதில்: அவ்வளவு இல்லை. பேருந்து நெருங்குவதைக் கருவி உணர்ந்து பச்சையைச் சில விநாடி நீட்டும், அல்லது சிவப்பைச் சில விநாடி சுருக்கும். இது சரியாக வேலை செய்ய, நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருக்க வேண்டும். சந்திப்புக்கு முன்னால் இருந்தால், ஆட்கள் ஏறி முடிக்க 10 விநாடியா 40 விநாடியா என்று சிக்னலுக்குத் தெரியாது. நீட்டிய பச்சை வீணாகும்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் தீர்வு கூடுதல் பேருந்து வாங்குவதுதானே? ஏன் தயங்குகிறார்கள்?

பதில்: முதலில் ஒரு தடத்துக்கு எத்தனை வண்டி தேவை என்று பார்ப்போம். போக 40 நிமிடம், வர 40, இரண்டு முனையிலும் தலா 10 நிமிட ஓய்வு. மொத்தச் சுற்று 100 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 100ஐ 10ஆல் வகுத்து 10 வண்டி.

இப்போது சாலை நெரிசலால் ஒருவழிப் பயணம் 50 நிமிடமாகிறது. சுற்று 120 நிமிடம். அதே சேவைக்கு 12 வண்டி தேவை. வாங்கவில்லை என்றால் அந்த 10 வண்டியே 12 நிமிடத்துக்கு ஒன்றாக வரும். இரண்டு பேருந்தை நெரிசல் விழுங்கிவிட்டது. புதிதாக இரண்டு வாங்கினாலும் பழைய நிலைக்குத்தான் திரும்புவீர்கள். மாறாக, தனி வரிசையும் சிக்னல் முன்னுரிமையும் கொடுத்து 30 நிமிடத்தில் போக வைத்தால் சுற்று 80 நிமிடம். அதே 10 வண்டி 8 நிமிடத்துக்கு ஒன்று வரும். வண்டியும் சம்பளமும் கூடாமல் சேவை கூடுகிறது.

வண்டி வாங்குவது செலவின் தொடக்கம் மட்டும்தான். பணிமனையில் பழுதுபார்க்க எப்போதும் பத்தில் ஒன்று ஒதுங்கியிருக்கும், ஆகவே 10 ஓட 11 வேண்டும். ஒரு வண்டிக்கு நாளுக்கு இரண்டு ஷிப்ட், வாரத்துக்கு 14 ஷிப்ட். ஓட்டுநர் ஒருவர் வாரம் 6 ஷிப்ட் பார்ப்பார். விடுப்பும் நோயும் சேர்த்தால் வண்டிக்கு இரண்டரை ஓட்டுநர். ஆள் எடுக்காமல் வண்டி மட்டும் வாங்கிய இடங்களில் புது வண்டிகள் பணிமனையில் தூசு படிந்து நிற்கும்.

கேள்வி: மெட்ரோ வந்துவிட்டால் பேருந்து தேவையில்லை என்கிறார்கள். எந்த அளவுக்கு மேல் மெட்ரோ தேவைப்படும்?

பதில்: ஒரு திசையில், ஒரு மணி நேரத்தில், எத்தனை பேர் போகிறார்கள் என்பதே இதற்கு அளவுகோல். இரண்டு பெட்டிகளை இணைத்த, 120 பேர் கொள்ளும் நீளப் பேருந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் 7,200 பேர். 240 பேர் கொள்ளும் டிராம் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் அதே 7,200தான். ஆனால் ஓட்டுநர்கள் பாதி. ஆறு பெட்டி மெட்ரோவில் 1,500 பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 45,000. மணிக்கு 5,000 பேர் போகிற சாலையின் அடியில் சுரங்கம் தோண்டினால் ரயில் காலியாக ஓடும், அந்தக் கடன் பல ஆண்டு பேருந்துச் சேவையைத் தின்னும். மணிக்கு 30,000 பேர் போகிற இடத்தில் சாதாரணப் பேருந்தை நம்பினால் வண்டிகளே சாலையை அடைத்துக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மக்கள் 1962இலும் 1973இலும் சுரங்க ரயில் திட்டங்களை வாக்கெடுப்பில் மறுத்தார்கள். 1977இல் தரைமேல் ஓடுகிற டிராமையும் பேருந்தையும் விரைவாக்கப் பணம் ஒதுக்கும் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். சிக்னல்கள் டிராமுக்காகத் திறக்கும்படி மாற்றப்பட்டன. புறநகர்களை இணைக்கும் ரயில் 1990இல் வந்தது. மெட்ரோ வேண்டாம் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டவில்லை. தரையில் ஓடுவதைச் சீராக்குகிற வேலை எந்த நகரத்திலும் தவிர்க்க முடியாதது, மெட்ரோ இருந்தாலும்கூட. நிலையத்திலிருந்து வீடுவரை யாரும் பறந்து போவதில்லை.

கேள்வி: மெட்ரோ கதவு மூடும்போது கையை நீட்டித் திறந்தால் பத்து விநாடிதானே போகும்?

பதில்: அந்த ரயிலில் 1,500 பேர் இருந்தால் பத்து விநாடி என்பது 15,000 மனித விநாடி, நான்கு மணி நேரத்துக்கும் மேல். கூட்ட நேரத்தில் பின்னால் வரும் ரயில்களும் ஒவ்வொன்றாகத் தாமதிக்கும். லண்டனின் விக்டோரியா தடத்தில் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில், அதாவது 100 விநாடிக்கு ஒன்று. அந்த அளவுக்கு நெருக்கமாக விடும்போது தடையாக இருப்பது சிக்னல் மட்டுமல்ல. கதவு திறந்திருக்கும் நேரமும் கடைசி நிலையத்தில் ரயிலைத் திருப்பும் நேரமும்தான் எல்லையை முடிவு செய்கின்றன. கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு நில்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருமுனையிலேயே ஒரு நிறுத்தம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: வேகத்தைக் குறைத்து, நின்று, கதவைத் திறந்து மூடி, மறுபடி வாகன வரிசைக்குள் நுழைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 முதல் 30 விநாடி ஆகும். ஆள் ஏறும் நேரம் தனி. 10 கிலோமீட்டர் தடத்தில் 250 மீட்டருக்கு ஒன்று என்றால் 40 நிறுத்தம், 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 25. வித்தியாசம் 15 நிறுத்தம், ஆறு நிமிடத்துக்கு மேல். இதற்காக மோசமான இடத்தில் இருப்பவர் கூடுதலாக நடப்பது 75 மீட்டர், ஒரு நிமிடம். மருத்துவமனை வாசல், செங்குத்தான மேடு, முதியோர் அதிகம் வாழும் பகுதி ஆகியவற்றுக்கு விலக்குக் கேட்பது நியாயம். உங்கள் மனுவில் அப்படி ஏதாவது இருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.

கேள்வி: பயணம் முழுக்க இலவசம் என்று அறிவித்தால் கார்கள் குறைந்துவிடாதா?

பதில்: நாம் எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையாது. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் குடிமக்களுக்குப் பயணத்தை இலவசமாக்கியது. புதிதாக ஏறியவர்களில் முன்பு நடந்து போனவர்கள் கணிசம். லக்ஸம்பர்க் 2020 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் இலவசமாக்கியது. ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் கட்டணம் தொடர்கிறது. அங்கும் கார்கள் சாலையை விட்டுப் போய்விடவில்லை. கார் வைத்திருப்பவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வராததற்குக் காரணம் சீட்டின் விலையைவிட நேரம்தான்.

ஆனால் ஏழைக் குடும்பத்துக்கு, வேலை தேடுபவருக்கு, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சீட்டின் விலை பெரிய சுமை. அவர்களுக்கு இலவசம் கொடுப்பது அவசியம் என்றே நினைக்கிறோம். அப்படிக் கொடுக்கும்போது இழக்கிற வருவாயை அரசு ஆண்டுதோறும் தவறாமல் ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் உதிரிப்பாகம் வாங்கப் பணம் இல்லாமல் நடைகள் ரத்தாகும். இலவசமாகப் போக உரிமை இருக்கும், ஏற வண்டி இருக்காது. காரைக் குறைக்க வேறு கருவிகள் உள்ளன. ஸ்டாக்ஹோம் 2006இல் ஏழு மாதச் சோதனையாக நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதித்தது. கூடவே பேருந்துகளையும் கூட்டியது. எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2007இல் அது நிரந்தரமானது.

கேள்வி: எங்கள் நேரடிப் பேருந்தை நிறுத்திவிட்டு, நடுவில் மாறிப் போகச் சொல்கிறார்கள். மாறுவது தொல்லை.

பதில்: தொல்லைதான், ஆனால் நேரத்தை எண்ணிப் பாருங்கள். நேரடி வண்டி அரை மணிக்கு ஒன்று. சராசரிக் காத்திருப்பு 15, சுற்றுவழிப் பயணம் 40, ஆக 55 நிமிடம். அதே வண்டிகளை நேர்த்தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஓட்டினால் காத்திருப்பு 5, பயணம் 35, மாறும் இடத்தில் நடந்து செல்ல 2, மறுபடி காத்திருப்பு 5, மொத்தம் 47. பார்சிலோனா 2012 முதல் 2018 வரை படிப்படியாகவும், ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் ஒரே நாளிலும் தங்கள் பேருந்துத் தடங்களைக் குறுக்கும் நெடுக்குமான நேர்த்தடங்களாக இப்படி மாற்றியமைத்தன.

மூன்று நிபந்தனை பூர்த்தியாகாவிட்டால் உங்கள் எதிர்ப்பு சரியானது. ஒரே சீட்டில் இரண்டு வண்டியிலும் போக முடிய வேண்டும். ஏறும்போதெல்லாம் குறைந்தபட்சக் கட்டணம் என்றால் மாறுபவருக்குத் தண்டனை. மாறும் நிறுத்தம் 50 மீட்டருக்குள், அகலச் சாலையைக் குறுக்கே கடக்காமல் இருக்க வேண்டும். இரண்டு தடமும் உண்மையிலேயே பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும், இரவு எட்டு மணிக்குப் பிறகும்.

கேள்வி: செயலியில் ‘3 நிமிடத்தில்’ என்று காட்டிய பேருந்து திடீரென மறைந்துவிடுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் அது உண்மையான வண்டியே அல்ல, அட்டவணையில் எழுதிய வண்டி. ஜி.பி.எஸ். தகவல் வராதபோது செயலி கால அட்டவணையை அப்படியே காட்டும்; அந்த நடை ரத்தாகியிருந்தாலும் அதற்குத் தெரியாது. இன்னொரு காரணம், ஓட்டுநர் நடை தொடங்கும்போது கருவியில் தட எண்ணைப் பதியாமல் விட்டது. மூன்றாவது, வண்டியைப் பாதியில் திருப்பியது. செயலியில் வண்டியின் குறி வரைபடத்தில் நகர்கிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். நகர்ந்தால் நம்பலாம், நிமிடம் மட்டும் குறைந்துகொண்டே வந்து குறி நகராவிட்டால் அட்டவணைக் கணக்குதான்.

கேள்வி: சக்கர நாற்காலியில் செல்லும் என் தாயாருக்காகத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன என்று மகிழ்ந்தேன். ஆனாலும் ஏற்ற முடியவில்லை. எங்கே பிழை?

பதில்: பேருந்தில் இல்லை, நிறுத்தத்தில் இருக்கிறது. தாழ்தளப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 32 சென்டிமீட்டர். ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் ஏறும் பக்கம் 7 சென்டிமீட்டர் தாழும்; மீதி 25. நிறுத்தத்தின் மேடை 15 சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் இடைவெளி 10தான். ஒரு மீட்டர் நீளச் சாய்பலகையில் அது பத்துக்கு ஒன்று என்ற சாய்வு, ஒருவர் தள்ளிவிட முடியும். பேருந்து மேடையை ஒட்டி வராமல் நடுச்சாலையில் நின்றால் சாய்பலகை தார்ச்சாலையில் விழும். அப்போது 25 சென்டிமீட்டர், சாய்வு நாலுக்கு ஒன்று. அதில் நாற்காலியை ஏற்றுவது ஆபத்து, சறுக்கிப் பின்னால் கவிழும்.

பேருந்து ஏன் ஒட்டி வருவதில்லை? நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் வாகனங்கள் நிற்கின்றன. 12 மீட்டர் வண்டி வளைந்து உள்ளே வந்து நேராக நிற்க 20 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். இதற்கு நல்ல வழி, பேருந்தை உள்ளே வரச் சொல்லாமல் மேடையைச் சாலைக்குள் நீட்டுவது. வண்டி நேராக வந்து நிற்கும், நேராகக் கிளம்பும். உங்கள் புகாரை எழுதும்போது வண்டி நின்ற இடத்துக்கும் மேடைக்கும் உள்ள தூரத்தை அளந்து, படத்தோடு அனுப்புங்கள். ‘ஏற முடியவில்லை’ என்ற வரியைவிட ‘மேடையிலிருந்து 120 சென்டிமீட்டர் தள்ளி நின்றது’ என்ற வரிக்குச் சாலைத்துறை பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: மின்சாரப் பேருந்து ஒரு முறை ஏற்றினால் நாள் முழுக்க ஓடுமா?

பதில்: 300 யூனிட் பேட்டரியில் நம்பிப் பயன்படுத்துவது 240. கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் என்றால் 200 கிலோமீட்டர். கடும் வெயிலில் குளிர்சாதனம் இழுத்து 1.5 ஆனால் 160. நீளமான தடத்துக்கு நடுப்பகலில் ஒரு முறை ஏற்ற வேண்டிவரும். பணிமனைக்கு வருகிற மின்கம்பியைப் பெரிதாக்காமல் வண்டி வாங்குவதே பெரிய பிழை: 100 வண்டி ஒரே நேரத்தில் 60 கிலோவாட் இழுத்தால் 6 மெகாவாட். சீனாவின் ஷென்சென் 2017 இறுதிக்குள் தன் 16,000 பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது; ஏற்றும் நிலையங்களையும் அதற்கேற்ப ஊரெங்கும் அமைத்தது.

கேள்வி: இரவு ஷிப்ட் முடித்து அதிகாலை இரண்டு மணிக்கு வீடு திரும்பும் செவிலியர் நான். எங்களைப் போன்றோருக்கு எதுவும் ஓடுவதில்லை.

பதில்: மெட்ரோ இரவில் நிற்பதற்குத் தக்க காரணம் உண்டு. தண்டவாளத்தைச் சோதிக்கவும் தேய்ந்ததை மாற்றவும் அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது. நியூயார்க்கில் பல தடங்களில் நான்கு தண்டவாளம் இருப்பதால் இரண்டை மூடிவிட்டு இரண்டில் ஓட்ட முடிகிறது. மற்ற ஊர்களுக்குப் பதில் இரவுப் பேருந்துதான். இரவுச் சாலை காலி என்பதால் பகலில் 40 நிமிடம் போகிற தடம் 25 நிமிடத்தில் முடியும். இரண்டு வண்டியில் மணிக்கு இரண்டு நடை கிடைக்கும்.

இடைவெளி நீளமாக இருக்கும்போது ஒழுங்கு வேறாக வேண்டும். எல்லாத் தடங்களும் மையத்தில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஐந்து நிமிடம் நின்று, ஒன்றாகக் கிளம்ப வேண்டும். அப்போது யாரும் மாறுவதற்கு அரை மணி நிற்க வேண்டியதில்லை. டொரோண்டோவில் இரவு நேரத்தில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலும் இறக்கிவிடக் கேட்கலாம். எந்தச் செலவும் இல்லாமல் எந்த நகரமும் நாளைக்கே செய்யக்கூடியது இது. உங்கள் மருத்துவமனையில் ஷிப்ட் முடியும் நேரத்தையும் எத்தனை பேர் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வண்டி 2 மணிக்கா 2.15க்கா என்பது அந்தத் தாளைப் பொறுத்தது.

கேள்வி: குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து மனு கொடுக்கிறோம். ‘பரிசீலிக்கிறோம்’ என்ற பதிலைத் தவிர ஒன்றும் வருவதில்லை. எப்படி எழுதினால் நகரும்?

பதில்: கூடுதல் வண்டி வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள், அளந்து எழுதுங்கள். மூன்று வார நாட்கள், விடுமுறை இல்லாதவை, காலை 7.30 முதல் 9.30 வரை, இரண்டு பேர் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். ஒருவர் வண்டி வந்த நேரம், தட எண், நின்றதா நிற்காமல் போனதா என்று எழுதட்டும். மற்றவர் ஏற முடியாமல் விடுபட்டவர்களை எண்ணட்டும்.

பிறகு இடைவெளிகளைக் கணக்கிடுங்கள். ஒரு மணி நேரத்தில் 4, 16, 2, 18, 10, 10 என்று வந்தது என்றால் ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டுங்கள்: 16, 256, 4, 324, 100, 100, மொத்தம் 800. இதை மொத்த நிமிடத்தின் இரண்டு மடங்கான 120ஆல் வகுத்தால் 6.7 நிமிடம். இதுவே உங்கள் நிறுத்தத்தின் சராசரிக் காத்திருப்பு. ஒழுங்காக வந்திருந்தால் 5. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் கேட்க வேண்டியது கூடுதல் வண்டி இல்லை, இடைவெளிக் கட்டுப்பாடு. அதை நேரக் காப்பாளருக்கும் பணிமனை மேலாளருக்கும் எழுதுங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்து, விடுபட்டவர்கள் அதிகமாக இருந்தால் கூடுதல் நடை கேளுங்கள், எந்த அரை மணி நேரத்தில் என்று குறிப்பிட்டு. வண்டி நிறுத்தத்துக்கு வெளியே நிற்கிறது என்றால் அது போக்குவரத்துக் காவல் துறைக்கும் சாலைத் துறைக்கும் போக வேண்டிய தாள்.

மனு கொடுத்து ஆறு வாரம் கழித்து, அதே கிழமைகளில், அதே நேரத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு தாள்களையும் ஒன்றாக இணைத்து அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள்.